மடங்கிய விரல்கள்

ஈஸ்டருக்கு மறுநாள், வசந்தத் திருநாளன்று, மின்யா நகரமே உப்புமீனையும் வெங்காயத்தாளையும் மூட்டை கட்டிக்கொண்டு நைல் கரைக்குப் போய்விடும். இந்த வருடம் நான் போகவில்லை. மகள் ஈரினிக்கு ஐந்தாம் மாதம். உப்புமீன் வாடை பட்டாலே அவளுக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். அவளைத் தனியே விட்டுவிட்டு நான் மட்டும் கரையில் உட்கார்ந்து மீன் தின்றால் தொண்டையில் இறங்குமா? சரி, கோழிகளையாவது பார்ப்போம் என்று மொட்டைமாடிக்கு ஏறினேன்.

என் கறுப்புக் கோழி குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் குஞ்சு பொரித்திருந்தது. என் வாளியைக் கண்டால் குஞ்சுகள் காலடியில் வந்து மொய்க்கும், நடக்க வழி விடாது. அன்றைக்குப் பாதிதான் வந்தன. மீதிப் பாதி இருந்த இடத்தில் இருந்துகொண்டே கத்தின. ஒன்றைக் கையில் எடுத்தேன். கண் பளிச்சென்று இருக்கிறது, இறக்கையில் குறையில்லை. காலைத் திருப்பிப் பார்த்தால் முன்விரல்கள் மூன்றும் உள்ளே சுருண்டு, கைக்குழந்தை முட்டி பிடித்ததுபோல மூடிக் கிடந்தன. விரித்துவிட்டேன். விட்டதும் மறுபடி சுருண்டுகொண்டன. தரையில் இறக்கினேன். பாதத்தை ஊன்றத் தெரியாமல், காலை மடித்து மூட்டுமேலேயே தவழ்ந்து போய் வாளியில் முட்டி விழுந்தது.

நான் கோழி வளர்ப்பது இன்று நேற்றல்ல. உள்ளங்காலில் முள் ஏறிப் பழுத்த கோழியைப் பார்த்திருக்கிறேன். கால் செதிலுக்குள் பூச்சி புகுந்து சொரசொரவென்று தடித்த சேவலைப் பார்த்திருக்கிறேன். நூல் சுற்றி விரல் கறுத்து உதிர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் வைத்தியம் என் கையில் இருக்கிறது. இது என்ன புதுக்கூத்து? காயமில்லை, வீக்கமில்லை, பூச்சியில்லை. பயத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் முதலில் வந்தது, பொய் சொல்லுவானேன்.

"அம்மா, என்ன அது?"

தூக்கிவாரிப் போட்டது. ஈரினி படி ஏறி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"மாடிப்படி ஏறாதேன்னு எத்தன தடவடி சொல்றது? காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? கீழ போ."

"கால் ஏன்மா அப்படி இருக்கு?"

"எது? ஒண்ணுமில்ல. தூங்கி எழுந்ததுல மரத்துப்போயிருக்கும்."

நான் ஒன்றை மறைத்தால் இன்னொன்று அவள் செருப்புக்குப் பக்கத்திலேயே தவழ்ந்து வருகிறது. எதை மறைப்பேன்? அவள் குனிந்து பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கை தானாக வயிற்றுக்குப் போனது.

பிள்ளைத்தாய்ச்சி எதைக் கண்கொட்டாமல் பார்க்கிறாளோ அது பிள்ளையில் வந்து நிற்கும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புவார்கள். இதில் மட்டும் மசூதிக்குப் போகிறவர், தேவாலயத்துக்குப் போகிறவர் என்ற பேதம் கிடையாது. கல்யாணமாகி ஆறு வருடம், இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக நின்ற கரு இது. மருமகன் மகார் கடலோரத்து ஹோட்டலில் வேலை பார்க்கிறவர். "உங்க கையில ஒப்படைக்கிறேன் அத்தை" என்று கொண்டுவந்து விட்டுப் போனார். நான் என்னடாவென்றால் என் வீட்டு மாடியிலேயே அவள் கண்ணில் இதைக் காட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னாள், "நான் ஸ்கேனுக்கு வரல."

அடுத்த வார வியாழக்கிழமை ஸ்கேன். இரண்டு தடவை கலைந்த உடம்பு, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

"என்னது, வரலையா? என்னடி விளையாடுறியா?"

"தலை, கை, கால்னு ஒவ்வொண்ணாக் காட்டுவாங்க. எனக்குக் காலப் பாக்க வேணாம்."

கெஞ்சினேன், திட்டினேன். என் கணவர் லபீப் இருக்கிறாரே, ரயில்வேயில் கொடி காட்டி ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் எது நடந்தாலும் கொடி காட்டுகிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சொன்னார், "விடு இன்சாஃப். குஞ்சு சரியானா அவளே வருவா."

மனிதர் எப்போதாவதுதான் உருப்படியாகப் பேசுவார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது ஸானியாமேல்தான். கீழ்வீட்டுக்காரி, மசூதிக்குப் போகிற குடும்பம். அவளும் நானும் இந்தக் கட்டடத்துக்கு ஒரே வருடம் வந்தவர்கள். பிள்ளைகளை மாற்றி மாற்றி வளர்த்தவர்கள். அவளுடைய தம்பி கிராமத்திலிருந்து எருமைப்பால் கொண்டுவந்து இறக்குவான். அவள் அதைத் திரித்து, கோரைப்பாயில் சுற்றித் தொங்கவிட்டு, பாலாடைக்கட்டி செய்து விற்பாள். வடிகிற தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து மாடிக்கு ஏறி வந்து அவள் கோழிக்கும் என் கோழிக்கும் ஊற்றுவாள். எல்லாக் காலத்திலும் ஊற்றுவாள், எங்கள் நோன்புக் காலத்திலும்.

இந்த வருடம் சண்டை வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கின முதல் வாரம். இந்த முறை ஈரினி நோன்பை முழுசாக இருந்தாள். இறைச்சி, முட்டை, பால் மட்டுமில்லை, மீன்கூட வாயில் வைக்கவில்லை. கரு தங்கினால் இப்படி இருப்பதாகப் பறவை மலை மாதாவுக்கு வேண்டுதல். சுட்ட கத்தரிக்காயும் மொச்சையும் கீரையும்தான் ஐம்பத்தைந்து நாளும். அந்த நேரத்தில் ஸானியா பால் காய்ச்சுகிற வாசனை மாடிப்படி முழுக்க ஏறி வரும். ஈரினி கதவிடுக்கில் நின்று மூச்சை இழுத்ததை நான் பார்த்துவிட்டேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! வாளியோடு ஏறி வந்த ஸானியாவைப் படியிலேயே மறித்தேன்.

"எங்க நோன்புல என் வாசப்படி வழியா இந்தப் பால்நாத்தத்த ஏன் தூக்கிட்டு வர? உனக்குன்னா ஒண்ணுமில்ல, எங்களுக்குப் பாவம்."

"இது கோழிக்குடி இன்சாஃப், உனக்கா ஊட்டப்போறேன்?"

"என் கோழிக்கும் வேணாம். நாங்க தின்னுறத அது தின்னா போதும்."

அவள் வாளியை அப்படியே கீழே வைத்தாள். "முப்பது வருஷமா நாறாதது இன்னிக்கு நாறுதாக்கும்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் மாடிக்கு நடுவில் வலை கட்டிவிட்டாள், அவள் கோழி அந்தப் பக்கம், என் கோழி இந்தப் பக்கம். என் சேவல் மட்டும் வலைமேல் பறந்து இரண்டு பக்கமும் குடித்தனம் நடத்தியது. அதற்கு மானமுமில்லை, ரோஷமுமில்லை.

ஆக, கண் வைத்தது ஸானியாதான் என்று முடிவு கட்டினேன். படிகாரத்தைச் சட்டியில் போட்டு நெருப்பில் பொரித்தேன். அது உருகி எந்த உருவத்தில் நிற்கிறதோ அந்த ஆளின் கண்ணேறு என்பார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸானியாவின் மூக்கு தெரியவில்லை. லபீப் எட்டிப்பார்த்து, "அச்சு அசல் நீதான்" என்றார். சட்டியோடு அவர்மேல் எறியலாம் போலிருந்தது.

கண்ணேறு கழித்தும் குஞ்சுகளின் விரல் விரியவில்லை. ஈரினியின் மாத்திரைப் பெட்டி அட்டையைப் பாதம் அளவுக்கு வெட்டி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி வைத்து, பிளாஸ்திரி ஒட்டிச் செருப்புப் போட்டுவிட்டேன். குஞ்சுகள் வாத்துமாதிரித் தப்புத் தப்பென்று நடந்தன. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, ஈரினிகூட லேசாகச் சிரித்தாள். மறுநாள் செருப்பைக் கழற்றினால் பழையபடி முட்டி பிடித்துக்கொண்டன. எலும்பு கோணியிருந்தால் கட்டு போட்டு நேராக்கலாம். இதில் எலும்பு நேராகத்தான் இருக்கிறது, பிடித்து இழுக்கிற ஏதோ ஒன்றுதான் உள்ளே வேலை செய்யவில்லை. அது என்ன?

எனக்கு ஒன்று புரியாவிட்டால் சோறு இறங்காது. மாடியிலேயே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்த மொட்டைக்கழுத்துக் குஞ்சுகள் கண்ணில் பட்டன.

மொட்டைக்கழுத்துக் கோழி ஸானியாவுடைய இனம். என்னிடம் அது கிடையாது. ஆனால் வலையின் மூலையில் ஒரு ஓட்டை உண்டு. அவளுடைய ஒல்லிக் கோழிகள் அதில் நுழைந்து வந்து என் கூடையில் முட்டையிட்டுப் போகும். என் கோழிகள் குண்டு, நுழையாது. வந்த முட்டையைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை, சண்டையில் இருக்கும்போது அறவே இல்லை. அதையும் சேர்த்துத்தான் அடைகாக்க வைத்தேன். பொரித்ததில் மூன்று குஞ்சுகளுக்குக் கழுத்தில் முடியில்லை. அந்த மூன்றும் டக் டக்கென்று ராணுவக்காரன்மாதிரி நடந்துகொண்டிருந்தன.

யோசித்தேன். அதே கறுப்புக் கோழியின் சூடு. அதே வைக்கோல். குடிக்கிற தண்ணீர் ஒன்று, தின்கிற ரொட்டி ஒன்று. தகப்பனும் ஒன்றுதான், மாடியில் வேறு சேவலே இல்லை. கண் பட்டது என்றால் கழுத்தைப் பார்த்தா படும்? அப்படியானால் வித்தியாசம் ஒன்றே ஒன்று. முட்டையிட்ட தாய்.

என் தாய்க்கோழிகளுக்கும் அவளுடைய தாய்க்கோழிகளுக்கும் என்ன வித்தியாசம்? பெட்டியை விட்டு எழுந்திருக்காமல் வலையின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸானியா ஏறி வந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தவிட்டைக் கொட்டி, வாளியைச் சரித்து, வடிதண்ணீரை ஊற்றினாள். அவள் கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு குடித்தன. என் கோழிகள் வலையில் அலகை விட்டு நின்றன.

எனக்கு உச்சந்தலையில் யாரோ குட்டினாற்போல் இருந்தது.

"என்ன உத்துப் பாக்குற?" என்றாள் ஸானியா. "கண்ணு கிண்ணு வச்சிடாத."

வாயைத் திறந்தால் சண்டையாகும். நான் திறக்கவில்லை. மடங்கின குஞ்சு ஒன்றையும் மொட்டைக்கழுத்துக் குஞ்சு ஒன்றையும் கூடையில் போட்டுக்கொண்டு நேரே கோழி மருந்துக் கடைக்குப் போனேன். கடையிலிருந்த கால்நடை டாக்டர் நம்ம பையன்தான், மணிக்கட்டில் சிலுவை பச்சை குத்தியிருந்தான்.

"தாய்க்கோழிக்கு என்ன தீனி போட்டீங்க அத்தை?"

"நாங்க தின்னதுதான். காஞ்ச ரொட்டி, மொச்சைத் தோலு."

"கீரை?"

"நோன்புல கீரைத்தண்டக்கூட விடாம நாங்களே கடைஞ்சிருவோமே."

"பால், மோர், வடிதண்ணி எதுவும்?"

"நோன்புன்னு சொல்றேன்ல!"

அவன் என்னையும் குஞ்சையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கல்லாமேல் தலையை வைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "கோழியையும் பெரிய நோன்பு இருக்க வச்சிட்டீங்களா! பாதிரியார்கிட்ட சொன்னா உங்க கோழிக்குப் பட்டமே கொடுப்பாரு."

சிரித்து முடித்துத்தான் சொன்னான். பாலிலும் கீரையிலும் இருக்கிற ஒரு சத்து தாய்க்கு இல்லாமல் போனால் முட்டையிலும் இருக்காதாம். அப்படிப் பொரித்த குஞ்சுக்குக் கால் நரம்பு தளர்ந்து விரல் சுருண்டுவிடுமாம். கண்ணேறுமில்லை, ஒன்றுமில்லை. சீக்கிரம் கொடுத்தால் நிமிரும், நாளானால் அப்படியே நின்றுவிடும் என்று ஒரு பொடியைக் கொடுத்து, வடிதண்ணீரையும் ஊற்றச் சொன்னான்.

நான் தெருவில் நடக்கவில்லை, பறந்தேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூவினேன்.

"ஈரினி! கண்டுபிடிச்சிட்டேன்டி! சகுனமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! கோழிங்க நம்மகூட நோன்பு இருந்திருக்குதுடி! பால்தண்ணி கிடைக்கல, அதான் குஞ்சுக்குக் கால் சுருண்டிருக்கு. அவ்வளவுதான் விஷயம்!"

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"தாய்க்குப் பால் இல்ல. அதனால குஞ்சுக்குக் கால் வரல. அப்படித்தானே?"

"அதேதான்! அந்த டாக்டர் பையன்..."

"எனக்கும் இல்லையேம்மா."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவசரமாக மறுத்தேன்.

"மனுஷப்பிறவி வேற, கோழி வேறடி. நீ மொச்சை தின்ன, எள்ளுருண்டை தின்ன..."

"வாசன வர்றப்ப வாயெல்லாம் தண்ணி ஊறும்மா. கதவிடுக்குல நின்னு மோந்து பாப்பேன். அதுக்குத்தான பால் கேட்டிருக்கும், வயித்துக்குள்ள இருக்கிறது."

"மாதாவுக்கு வேண்டிக்கிட்டதுடி அது. வேண்டுதல மீற முடியுமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"யாரும்மா வேண்டிக்கிட்டது?"

நான்தான். பறவை மலையில் மாதா கோயில் குகைக்குள் நின்று, மெழுகுவர்த்தி ஏற்றி, "என் மகள் பாலும் மீனும் தொடாமல் நோன்பு இருப்பாள்" என்று சொன்னது நான்தான். அவள் அப்போது ஊரிலேயே இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். பாதிரியாரிடம் கேட்டால் விலக்குக் கொடுத்துவிடுவார் என்றுதான் அவரிடம் நான் கேட்கவே இல்லை.

"கோழிங்ககூட வேண்டிக்கலம்மா" என்றாள் ஈரினி. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என் வாய்க்குப் பூட்டுப் போடுவார் இல்லை என்பார் லபீப். அன்றைக்குப் பூட்டு விழுந்தது. சமையலறையில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு கூஜாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி ஸானியாவின் கதவைத் தட்டினேன்.

அவள் திறந்து, கூஜாவைப் பார்த்து, என்னைப் பார்த்தாள். "என்ன, நாத்தம் பழகிடுச்சா?"

"ஸானியா, குஞ்சுங்களுக்குக் கால் மடங்கிப்போச்சு. வடிதண்ணி வேணும்."

"நீதான வேணாம்ன?"

"நான்தான். என் வாய்க்கு நெருப்பு வை."

"உன் வாய்க்கு நெருப்பு வச்சா நெருப்புல்ல அணைஞ்சு போகும்." அவள் கதவைவிட்டு நகர்ந்தாள். "குஞ்சுக்கு மட்டும்னா மூஞ்சி இப்படி வீங்கியிருக்காதே. ஈரினிக்கு என்ன?"

சொன்னேன். அத்தனையும் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் என் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள், நிஜமாகவே வலிக்கிற குட்டு. பிறகு ஒரு கையில் வடிதண்ணீர் வாளியும் இன்னொரு கையில் ஆடை மிதக்கிற எருமைப்பால் செம்புமாக எனக்கு முன்னால் படியேறினாள்.

"ஏய் ஈரினி, எழுந்திருடி. நானும் நோன்பு இருக்கிறவதான். வயித்துப்பிள்ளையோட இருந்தப்ப ரமலான்ல என் மாமியார் என்ன உக்கார வச்சு ஊட்டுவா. உங்கம்மா மாதிரி ராட்சசி எனக்கு வாய்க்கல. குடி."

"இப்ப குடிச்சு என்ன ஆகப்போகுது அத்தை? போன நாள் போனதுதானே."

"அந்தக் குஞ்சுங்களுக்கும்தான் போச்சு. நிமிருதா இல்லையான்னு பாப்போம்."

ஈரினி யோசித்தாள். பிறகு கேட்டாள், "அதுல ரொம்பச் சின்னது எது?"

இருந்ததிலேயே சின்னது, கண்ணுக்குமேல் மஞ்சள் பொட்டு வைத்த பழுப்புக் குஞ்சு. அவள் அதைச் செருப்புப் பெட்டியில் வைத்துத் தன் கட்டிலடியில் வைத்துக்கொண்டாள். "இது நிமிர்ந்தா ஸ்கேனுக்கு வரேன். இல்லன்னா என்னக் கட்டாயப்படுத்தக் கூடாது" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பொடி, வடிதண்ணீர், கொத்துக்கொத்தாகக் கீரை. ஸானியா வலையை அறுத்துச் சுருட்டி மூலையில் எறிந்தாள். நான்தான் காலையில் முதலில் மாடிக்கு ஓடுவேன், அவள் எனக்கு முன்னால் வந்திருப்பாள். ஒரு குஞ்சு பாதி விரித்தது. மறுநாள் அது ஓடியது, இன்னும் இரண்டு எழுந்து நின்றன. ஒரு பொருள் உள்ளே போய் ஒரு விரலை நிமிர்த்துகிறதே, எந்த வழியாகப் போகிறது, எப்படித் தெரிகிறது அதற்கு எது விரல் என்று? நான் லபீப்பைக் கேட்டேன். அவர் கொடி காட்டுகிற முகத்தோடு பார்த்தார்.

ஒவ்வொன்றாக எல்லாம் நிமிர்ந்தன. செருப்புப் பெட்டியிலிருந்த மஞ்சள் பொட்டுக் குஞ்சு மட்டும் நிமிரவில்லை. வலது கால் விரிந்தது. இடது கால் முட்டி பிடித்தபடியே இருந்தது. ஈரினி உள்ளங்கையில் வைத்துப் பால் புகட்டுவாள், விரலை நீவிவிடுவாள். அது அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கும்.

புதன்கிழமை வந்துவிட்டது. மறுநாள் ஸ்கேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரினி குளிக்கப் போன நேரத்தில் மாடிக்கு ஓடி, நிமிர்ந்த குஞ்சுகளில் அதே பழுப்பாக, அதே அளவாக ஒன்றைப் பிடித்தேன். மஞ்சள் பொட்டுத்தான் இல்லை. ஸானியா குழம்புக்கு அரைத்த மஞ்சளைத் தொட்டுக் கண்ணுக்குமேல் வைத்தாள். "பெத்த கோழிக்கே அடையாளம் தெரியாது" என்றாள். பழையதை ஸானியாவின் சால்வைக்குள் ஒளித்துவிட்டுப் புதியதைப் பெட்டியில் வைத்தோம்.

ஈரினி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "ஈரினி! பாருடி, நிமிர்ந்துடுச்சு!" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அவள் குஞ்சைக் கையில் எடுத்தாள். இரண்டு காலும் அழகாக விரிந்து அவள் உள்ளங்கையில் நின்றன. அது படபடவென்று இறக்கையடித்துக் குதித்து ஓடி, கட்டிலடியில் ஒளிந்துகொண்டது. அவள் விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"என்னோடது எங்கம்மா?"

ஸானியா சால்வையை அவிழ்த்தாள். சின்னக் குஞ்சு தலையை நீட்டியது. ஈரினி அதை வாங்கி, மடங்கின காலைத் தன் கட்டைவிரல்மேல் வைத்துக்கொண்டாள். அது பிடித்துக்கொண்டது. நான் பூமி பிளக்காதா என்று நின்றேன்.

"நல்லாத்தான இருக்கு இது?" என்றாள். "தின்னுது. தூங்குது. என்னக் கண்டா கத்துது. ஒரு கால் மடங்கியிருக்கு, அவ்வளவுதான்."

ஸானியா அவிழ்த்த சால்வையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு வரேன்மா. கால் எப்படி இருந்தாலும் பாக்கிறேன். என் பிள்ளை கால நான்தான பாக்கணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், "ஆனா ஒண்ணு. இனிமே என் பேர்ல நீ எதையும் வேண்டிக்காத."

"சத்தியமா மாட்டேன்டி."

"சத்தியமும் பண்ணாத. சும்மா இரு."

ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்துவிட்டார்கள். ஈரினி படுத்திருந்தாள். தலைமாட்டில் நான், கால்மாட்டில் ஸானியா. அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, அவளாகவே வந்துவிட்டாள். டாக்டரம்மா வயிற்றில் கருவியை நகர்த்த நகர்த்தத் திரையில் சாம்பலும் கறுப்புமாக ஏதேதோ ஓடியது. தலை என்றார். இதயம் என்றார், அது துடித்தது. முதுகெலும்பு என்றார். பிறகு, "கால் பாக்கலாமா?" என்றார்.

என் உதடு தானாக அசைந்தது. முப்பது நாற்பது வருடப் பழக்கம், எங்கே போகும்? "மாதாவே, கால் மட்டும் நேராக இருந்துவிட்டால் என் மகள்..." என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. இருட்டில் ஈரினி தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் சால்வை நுனியை எடுத்து வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். நேராக இருந்தாலும் சரி, மடங்கியிருந்தாலும் சரி, கொடுப்பதற்கு என்னிடம் அவளுடையது எதுவும் இல்லை.

திரையில் ஒரு பாதம் வந்து நின்றது, அடிப்பக்கம் எங்களைப் பார்த்தபடி. விரல்கள் ஐந்தும் உள்ளே சுருண்டு முட்டி பிடித்திருந்தன. ஸானியாவின் உதடும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது, அவளை யார் தடுப்பது?

ஈரினி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையை நீட்டித் திரையில் அந்தக் காலுக்கு நேராகத் தன் கட்டைவிரலை வைத்தாள்.

"பிடிச்சுக்கோ" என்றாள்.

உள்ளே அது எதற்கோ காலை உதைத்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.